20 கொண்டை ஊசி வளைவில் நாவல் படிக்கிறாராம்!

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
"படிக்க நேரமில்லை என்பதெல்லாம் சோம்பேறிகளின் சாக்கு" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். சேலத்தில் இருந்து தினமும் ஏற்காட்டுக்கு வேலைக்குப் போகிறாராம், போகவர பஸ்ஸிலேயே மாதம் நாலைந்து நாவலை முடித்துவிடுகிறாராம். படித்ததில் இருந்து எனக்கு ஆறவில்லை. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் கவரோடு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள், இவர் மட்டும் பக்கம் புரட்டுகிறாரா? முடியவே முடியாது. அளக்காதீர்கள்.

மலைப்பாதை:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டைப் பிடித்துவிடுவேன், அங்கே ஆட்டம் குறைவு. வருடக்கணக்காகப் போகிறவனுக்கு உடம்பு பழகிவிடும். படிக்கிறவன் படிக்கிறான், மற்றவன் வளைவை எண்ணுகிறான்.

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
எதற்குப் பழகும்? கண் பார்ப்பது அசையாத எழுத்தை, காதுக்குள் இருக்கும் உறுப்பு உடம்பு திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். டிரைவருக்கு ஏன் வருவதில்லை? அவர் அடுத்த திருப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். புத்தகத்தில் தலையைக் குனிந்தவருக்கு அது கிடையாது. முன் சீட்டில் உட்கார்ந்தாலும் அதே 20 வளைவுதான் சார்.

கன்னங்குறிச்சி_வாசகி:
அண்ணா, வளைவை விடுங்கள். வீட்டு வேலை, பிள்ளைகள் பாடம், மாமியாருக்கு மருந்து எல்லாம் முடிந்து நான் புத்தகத்தைத் திறக்கும்போது ராத்திரி பத்தரை. ரெண்டு பக்கத்தில் கண் சொருகுகிறது. மறுநாள் அந்த ரெண்டு பக்கத்தையே மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
அதை அப்புறம் பேசலாம் அக்கா. முதலில் இவர் வளைவுக்குப் பதில் சொல்லட்டும்.

கொலுசுப்பட்டறை:
குப்பனூர் வழியாகப் போனால் கொண்டை ஊசி வளைவு குறைவுதானே. அவர் அந்த வழியில் போகலாம் இல்லையா?

மலைப்பாதை:
நான் அடிவாரம் வழியாகத்தான் போகிறேன். தெரியாமல் நடுவில் வராதீர்கள். அப்புறம், போன புத்தகக் கண்காட்சி சமயத்தில் என்னிடம் வாங்கிப் போன சரித்திர நாவல், ரெண்டாம் பாகமும் மூன்றாம் பாகமும், எப்போது திரும்பி வரும்? அதைப் படிக்க உங்களுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லையா?

கொலுசுப்பட்டறை:
பொது இடத்தில் இதைக் கேட்கிறீர்களே, நன்றாக இருக்கிறதா? முதல் பாகம் தராமல் ரெண்டாம் பாகத்தை யாராவது கொடுப்பார்களா? உங்களிடம் கைநீட்டினதே தப்பு.

மலைப்பாதை:
முதல் பாகம் படித்துவிட்டேன் என்று சொன்னது நீங்கள்தான்.

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
பேச்சை மாற்றாதீர்கள். எனக்குக் கோபம் அந்த "சோம்பேறி" மேல்தான். விசைத்தறிக் கொட்டகையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். குறுக்கு நூல் சுற்றிய தார்க்குழல் தீர்ந்தால் மாற்ற வேண்டும், பாவு இழை, அதாவது நெடுக்கு நூல், அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும், கண்ணை எடுத்தால் துணியில் பழுது விழுந்துவிடும், கூலியில் பிடிப்பார்கள். இதில் எங்கே புத்தகம்? 1948-லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி நாங்களும் கட்டுகிறோம். தறியை நிறுத்தி, கைகால் கழுவிப் பஞ்சைத் தட்டிவிட்டுப் போனால் கிளை நூலகம் பூட்டிக் கிடக்கிறது. எங்களைச் சோம்பேறி என்று சொல்ல, வளைவில் படித்ததாகக் கதைவிடும் இவருக்கு என்ன தகுதி? அந்த 20 வளைவில் ஒரு பக்கம் கூடப் படிக்க முடியாது.

கன்னங்குறிச்சி_வாசகி:
நூலகம் ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்தால் என்ன? இதைப் பேசினால் பிரயோஜனம் உண்டு.

கொலுசுப்பட்டறை:
மனு கொடுத்து என்ன நடந்திருக்கிறது இந்த ஊரில்?

மலைப்பாதை:
தறிக்காரரே, உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. செல்போனில் ரீல்ஸ் பார்க்க நேரம் இருக்கிறவர்களைச் சொன்னேன். நீங்களே மேல் விழுந்து எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வது? நான் படிப்பது உண்மை. சந்தேகம் இருந்தால் திங்கட்கிழமை காலை என்னோடு பஸ்ஸில் வாருங்கள்.

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
திங்கட்கிழமை தறியைப் போட்டுவிட்டு வந்தால் கூலி நீங்கள் கொடுப்பீர்களா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

மலைப்பாதை:
ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் கூட்டத்தில் சீட் கிடைக்காது.

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
பார்த்தீர்களா எல்லோரும்? படிக்க முடியாது என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது.

மலைப்பாதை:
நின்றுகொண்டு படிக்கிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? முதலில் நான் எழுதியதை முழுசாகப் படியுங்கள்.

தறிக்காரன்_அம்மாப்பேட்டை:
முழுசாகப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். 20 வளைவு சார், 20.