கேவிஎம் சர்வரில் விஎம்களின் நினைவகத்தைத் தானாகப் பகிர்ந்தளிப்பதும் ஹோஸ்ட்டைக் கண்காணிப்பதும்: ஆலோசனை தேவை

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூர் அருகே ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். 128 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு லினக்ஸ் ஹோஸ்ட்டில் (விஎம்களைத் தாங்கும் கணினி) கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி, அதை நிர்வகிக்கும் லிப்விர்ட் ஆகியவற்றைக் கொண்டு 14 விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்) இயங்குகின்றன. அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தைக் கூட்டினால் 172 ஜிபி வருகிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துடன் இயங்கும் ஈஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்), கணக்குப் பிரிவினர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழையும் விண்டோஸ் விஎம்கள், வருகைப்பதிவு, சாயப்பட்டறையின் ரெசிபி மென்பொருள், கோப்பு சர்வர், சில சோதனை விஎம்கள் ஆகியவை இவற்றில் அடங்கும்.

வாரத்தின் பிற நாட்களில் இந்த ஏற்பாடு சிரமமின்றி ஓடுகிறது. சனிக்கிழமை வாரக்கூலி கணக்கிடும் நேரத்தில்தான் சிக்கல் எழுகிறது. கூலிப் பட்டியல், வருகைப்பதிவு, கணக்குப் பிரிவு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்பதால் ஹோஸ்ட் ஸ்வாப்பில் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) எழுதத் தொடங்கி, ஈஆர்பி திரை நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கிறது. கூலிக்காகக் காத்திருக்கும் தொழிலாளர்கள் வீடு திரும்பும் பேருந்தைத் தவறவிடும் நிலை வருவதால், இதை வெறும் கணினிச் சிக்கலாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. அதே வேளையில் சோதனை விஎம்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்தைப் பயன்படுத்தாமலே பிடித்து வைத்திருக்கின்றன. லிப்விர்ட் கட்டளை கொண்டு கையால் குறைத்தும் கூட்டியும் சமாளித்து வருகிறேன். இதைத் தானாகச் செய்ய நம்பகமான வழி எது, அதற்கு ஹோஸ்ட்டில் எந்த அளவுகளைக் கண்காணிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

---

பீளமேடு_லினக்ஸ் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். பலூன் டிரைவர் (விரியும்போது விஎம்மின் நினைவகத்தை ஹோஸ்ட்டுக்கு விட்டுத்தந்து, சுருங்கும்போது திரும்பப் பெறும் நிரல்) விஎம்முக்குள் இருந்தாலே நினைவகம் தானாகப் பகிரப்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். கேவிஎம்மில் அது உண்மையன்று. எந்த விஎம் எவ்வளவு விட்டுத்தர வேண்டும் என்ற இலக்கை வெளியிலிருந்து யாரோ ஒருவர் சொன்னால்தான் பலூன் விரியும் அல்லது சுருங்கும். இப்போது அந்த வேலையை நீங்கள் கையால் செய்கிறீர்கள். அதை ஒரு கொள்கை நிரலிடம் ஒப்படைப்பதுதான் தானியக்கம் என்பதன் முழுப் பொருளும்.

பலூன் வழி ஏன் ஸ்வாப்பைவிட நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹோஸ்ட் தானாக ஸ்வாப் செய்யும்போது, விஎம்முக்குள் எந்தப் பக்கம் (நினைவகத்தின் சிறு துண்டு) முக்கியமானது, எது வெறும் கோப்புத் தேக்கம் (வட்டுக் கோப்புகளின் தற்காலிகப் படி) என்பது அதற்குத் தெரியாது. அதனால் உயிர்நாடியான பக்கத்தையே வட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். பலூன் விரியும்போதோ, எதை விடுவது என்று விஎம்மின் இயங்குதளமே தேர்ந்தெடுக்கிறது. முதலில் காலியான பக்கங்களையும் அடுத்துக் கோப்புத் தேக்கத்தையும் விட்டுத்தருகிறது.

கொள்கை நிரலுக்கு எனக்குத் தெரிந்த தெளிவான எடுத்துக்காட்டு, ஓவிர்ட் என்ற விஎம் மேலாண்மைத் திட்டத்தோடு சேர்ந்து வளர்ந்த மாம் என்ற நினைவக மேலாளர். அது ஹோஸ்ட்டையும் ஒவ்வொரு விஎம்மையும் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து, விதிக்கோப்பு ஒன்றின்படி பலூன் இலக்குகளைத் தீர்மானிக்கிறது. அதனுடன் வரும் மாதிரி விதிகளைப் படித்துப் பாருங்கள்: ஹோஸ்ட்டில் காலி நினைவகம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நெருக்கடி எனவும், 5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கடும் நெருக்கடி எனவும் அது கொள்கிறது. ஒரு சுற்றில் எந்த விஎம்மின் அளவையும் 5 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுவதில்லை. இந்தக் கடைசி விதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே அடியில் 8 ஜிபியைப் பிடுங்கினால் விஎம் தன் உள் ஸ்வாப்பில் விழும். சிறிது சிறிதாக எடுத்தால் இயங்குதளம் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கும்.

நீங்கள் புராக்ஸ்மாக்ஸ் என்ற விஎம் மேலாண்மைத் தளத்துக்கு மாற நினைத்தால், இந்த வேலையை அதன் உள்ளமைந்த சேவையே செய்கிறது. ஒவ்வொரு விஎம்முக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரு எல்லைகள் கொடுத்தால், ஹோஸ்ட்டின் பயன்பாடு 80 விழுக்காட்டை நெருங்கும்போது ஒவ்வொரு விஎம்முக்கும் தந்த பங்கு எண்ணுக்கு ஏற்ப அது பகிர்ந்தளிக்கும். ஆனால் நிறுவனம் முழுவதையும் இதற்காக மட்டும் இடம்பெயர்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஈஆர்பி தரவுத்தளத்தின் குறைந்தபட்ச எல்லையை அதன் முழு ஒதுக்கீட்டுக்கு மிக அருகிலேயே வையுங்கள். போஸ்ட்கிரஸ் தன் சொந்தத் தேக்கத்தை மட்டுமின்றி இயங்குதளத்தின் கோப்புத் தேக்கத்தையும் நம்பி இயங்குவது. பலூன் முதலில் தின்பது அந்தத் தேக்கத்தைத்தான்.

---

சென்னிமலை_தறி எழுதியது:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஒரே மாதிரியான விண்டோஸ் விஎம்கள் பல இருப்பதால், கேஎஸ்எம் என்ற பக்க இணைப்பு வசதியையும் யாரேனும் உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். லினக்ஸின் மையநிரலான கர்னலில் 2.6.32 பதிப்பு முதல் அது உள்ளது. ஒரே உள்ளடக்கம் கொண்ட பக்கங்களைத் தேடி ஒன்றாக்கி, யாராவது அதில் எழுதும்போது தனிப்படி எடுத்துக் கொடுக்கும்.

உங்கள் சூழலுக்கு அதன்மேல் பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். விஎம்கள் சும்மா இருக்கும்போது கேஎஸ்எம் பெரும் சேமிப்பைக் காட்டும். சனிக்கிழமை எல்லோரும் நுழைந்து பக்கங்களில் எழுதத் தொடங்கியதும், இணைந்திருந்தவை ஒவ்வொன்றாகப் பிரிந்து, சேமிப்பு முழுவதும் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்திலேயே கரைந்துவிடும். அந்தச் சேமிப்பை நம்பி இன்னொரு விஎம்மை ஏற்றியிருந்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும். பக்கங்களைத் தேடும் வேலைக்குச் சிபியு நேரமும் செலவாகும். வெவ்வேறு நிறுவனங்களின் விஎம்கள் ஒரே ஹோஸ்ட்டில் இருந்தால் தகவல் கசியும் வழியாகவும் அது பயன்படக்கூடும் என்பது நிறுவப்பட்ட ஒன்று. இதே காரணத்துக்காகத்தான் விஎம்வேர் 2014 இறுதியில் விஎம்களுக்கு இடையிலான பக்கப் பகிர்வை இயல்புநிலையில் நிறுத்தியது.

பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், கர்னல் காட்டும் எண்ணிக்கைகளில் பகிர்ந்துகொள்ளும் பக்கங்களுக்கும் (இணைப்பால் மிச்சமானவை) பகிரப்பட்ட பக்கங்களுக்கும் (ஒன்றாக்கி வைத்திருப்பவை) உள்ள விகிதத்தைப் பாருங்கள். அது தாழ்ந்திருந்து, திரும்பத் திரும்ப சோதித்தும் இணையாத பக்கங்கள் மிகுந்திருந்தால், வீண் உழைப்பு நடக்கிறது என்று பொருள்.

---

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு தெளிவு வேண்டும். லினக்ஸ் விஎம்களில் காலி நினைவகத்தின் அளவு எப்போதும் மிகக் குறைவாகவே தெரிகிறது. விண்டோஸ் விஎம்களிலிருந்து எந்த அளவும் வருவதே இல்லை. இந்த நிலையில் கொள்கை நிரல் எதை வைத்து முடிவெடுக்கும்? மேலும், மின்தடையில் யுபிஎஸ் தாங்கும் நேரம் முடிந்து சர்வர் நின்று, பிறகு மீண்டும் எழும்போது எல்லா விஎம்களும் ஒன்றாகத் தொடங்குகின்றன. அப்போதும் இதே திணறல் வருகிறது.

---

கோபி_வாய்க்கால் எழுதியது:

வணக்கம். உங்கள் இரண்டாவது இடுகையில்தான் சிக்கலின் மையம் இருக்கிறது. தவறான அளவை நம்பும் தானியக்கம், தானியக்கமே இல்லாத நிலையைவிட ஆபத்தானது.

லினக்ஸ் காலியாக இருக்கும் நினைவகத்தைக் கோப்புத் தேக்கமாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே காலி என்ற அளவு எப்போதும் சிறியதாகவே தெரியும். பார்க்க வேண்டியது, ஸ்வாப் செய்யாமல் புதிய வேலைக்குக் கிடைக்கக்கூடிய நினைவகத்தின் மதிப்பீடு. கர்னல் 3.14 முதல் அது தனியாகத் தரப்படுகிறது. லிப்விர்ட்டின் பலூன் புள்ளிவிவரத்திலும் பயன்படுத்தத்தக்கது என்ற பெயரில் வருகிறது. அந்தப் புள்ளிவிவரம் தானாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு விஎம்முக்கும் சேகரிப்பு இடைவெளியை நீங்களே அமைக்க வேண்டும், இல்லையென்றால் பழைய எண்ணோ வெற்றிடமோதான் கிடைக்கும். விண்டோஸில் விர்ட்ஐஓ பலூன் டிரைவரை நிறுவுவதோடு, அதனுடன் வரும் பலூன் சேவையையும் நிறுவினால்தான் அளவுகள் வெளியே வரும். உங்களுக்கு எதுவுமே வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

ஹோஸ்ட் பக்கத்தில் மூன்று அளவுகளைக் கண்காணித்தால் போதும் என்று கருதுகிறேன். முதலாவது, மேற்சொன்ன கிடைக்கும் நினைவகம். அடுத்தது, ஸ்வாப்பில் எவ்வளவு இருக்கிறது என்பதன்று, நொடிக்கு எவ்வளவு உள்ளே வருகிறது, வெளியே போகிறது என்ற வேகம். என்றோ வெளியேறி அசையாமல் கிடக்கும் 2 ஜிபி யாருக்கும் கேடு செய்வதில்லை, தொடர்ந்து உள்ளே திரும்பும் சில மெகாபைட்டுகள்தான் திரையை உறைய வைக்கின்றன. மூன்றாவதாக, கர்னல் 4.20 முதல் உள்ள அழுத்த அளவீடு. நினைவகத்துக்காக வேலைகள் எத்தனை விழுக்காடு நேரம் காத்துக் கிடந்தன என்பதை 10, 60, 300 விநாடிச் சராசரிகளாக அது சொல்கிறது. பயனர் படும் துன்பத்துக்கு மிக நெருக்கமான எண் இதுவே. 60 விநாடிச் சராசரி தொடர்ந்து உயர்ந்தே நின்றால் எச்சரிக்கை அனுப்புங்கள். இவற்றைத் திரட்டும் புரோமீத்தியஸோ ஜாபிக்ஸோ அதே ஹோஸ்ட்டில் ஒரு விஎம்மாக இருக்கக் கூடாது. ஹோஸ்ட் திணறும்போது கண்காணிப்பவரும் சேர்ந்து திணறினால், நமக்குத் தேவையான அந்தச் சில நிமிடங்களின் பதிவே இல்லாமல் போகும்.

இனி, இருப்பதைவிட அதிகமாக ஒதுக்குவது பற்றி. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் முறை வைத்து நீர் விடுவதால்தான் அந்தப் பரப்பு முழுவதும் பாசனம் பெறுகிறது. இரு முறைக்காரர்களும் ஒரே நாளில் கேட்டால் அணை தாங்காது. 128 ஜிபியில் 172 ஜிபி ஒதுக்கியதும் அத்தகைய ஏற்பாடே. எனவே சனிக்கிழமை மாலையில் ஒன்றாகக் கேட்கும் விஎம்கள் எவை என்று பட்டியலிட்டு, அவற்றின் உண்மையான உச்சத் தேவையை மட்டும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகையும், ஹோஸ்ட்டுக்கென ஒதுக்கும் சில ஜிபியும், மற்ற விஎம்களின் குறைந்தபட்ச எல்லைகளும் சேர்ந்து 128க்குள் அடங்கினால் பலூன் உங்களைக் காப்பாற்றும். அடங்கவில்லையென்றால் எந்தக் கொள்கை நிரலும் காப்பாற்றாது.

மின்தடைக்குப் பிந்தைய தொடக்கம் வேறு வகையான சிக்கல். விஎம்முக்குள் டிரைவர் ஏறிய பிறகுதான் பலூன் வேலை செய்யும். அதற்கு முன்பே விண்டோஸ் தன் பக்கங்களைச் சுழியமாக்க முழு நினைவகத்தையும் தொட்டுவிடக்கூடும். ஆகவே விஎம்களைத் தொடங்கும் சேவையின் கட்டமைப்பில் ஒவ்வொன்றுக்கும் இடையே தாமதம் கொடுத்து, தரவுத்தளத்தை முதலிலும், சோதனை விஎம்களைத் தானாகத் தொடங்காதபடியும் அமையுங்கள்.

மற்றொன்றையும் விட்டுவிட வேண்டாம்: நினைவகம் முற்றிலும் தீர்ந்தால் கர்னல் பெரும்பாலும் மிகுதியான நினைவகம் வைத்திருக்கும் செயலையே கொல்லும், உங்கள் ஹோஸ்ட்டில் அது ஈஆர்பி விஎம்மாகத்தான் இருக்கும். எதைக் கொல்வது என்று தேர்ந்தெடுக்கக் கர்னல் பார்க்கும் அதன் மதிப்பெண்ணைத் தாழ்த்திப் பாதுகாத்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள்.

---

பீளமேடு_லினக்ஸ் எழுதியது:

கோபி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கர்னல் 5.7, கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்களை இயக்கும் கியூஎம்யு 5.1 ஆகிய பதிப்புகள் முதல், விஎம் தன் காலிப் பக்கங்களைத் தானே ஹோஸ்ட்டுக்கு அறிவிக்கும் வசதி பலூன் சாதனத்தில் உள்ளது. இலக்கு எதுவும் கொடுக்காமலேயே, வேலை முடிந்த லினக்ஸ் சோதனை விஎம்களின் காலி நினைவகம் ஹோஸ்ட்டுக்குத் திரும்பும். கோப்புத் தேக்கமாக மாறிய பகுதி திரும்பாது. விஎம் மறுபடி கேட்டால் ஹோஸ்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் இது எல்லையும் ஆகாது. பலூன் கொள்கைக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

எடுக்கும் வேகத்தையும் திருப்பித் தரும் வேகத்தையும் ஒரே அளவில் வைக்காதீர்கள். எடுப்பதை மெதுவாகச் செய்யுங்கள். விஎம் திணறும் அறிகுறி தெரிந்தால் தயங்காமல் உடனே திருப்பிக் கொடுங்கள். சனிக்கிழமை நேரம் முன்கூட்டியே தெரிந்த ஒன்று என்பதால், பிற்பகலிலேயே சோதனை விஎம்களைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கும் ஒரு கால அட்டவணைக் கட்டளையும் போட்டுவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு பலூனை விரிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

---

நொய்யல்கரை எழுதியது:

விண்டோஸ் விஎம்களில் பலூன் சேவை நிறுவப்படவே இல்லை என்பது உறுதியாயிற்று. நிறுவியதும் அளவுகள் வரத் தொடங்கிவிட்டன. கோபி நண்பர் சொன்ன கூட்டலைச் செய்து பார்த்தேன்: சனிக்கிழமை ஒன்றாகக் கேட்கும் விஎம்களின் உச்சத் தேவை 94 ஜிபி, ஹோஸ்ட்டுக்கு 8 ஜிபி, மற்றவற்றின் குறைந்தபட்ச எல்லைகள் 22 ஜிபி. மொத்தம் 124 என்பதால் அடங்குகிறது, ஆனால் இடைவெளி மிகக் குறுகலானது. ஆகவே மாம் விதிகளை எங்கள் எல்லைகளுக்கு ஏற்ப மாற்றி, முதலில் சோதனை விஎம்களில் மட்டும் வார நாட்களில் ஓடவிடுகிறேன். 64 ஜிபி கூடுதல் நினைவகம் வாங்குவதற்கான கோரிக்கையையும் இந்தக் கணக்கோடு இணைத்து நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன். அழுத்த அளவீட்டைத் திரட்டும் கண்காணிப்பை அலுவலகத்திலுள்ள தனிக் கணினி ஒன்றுக்கு மாற்றியாயிற்று.