பழைய வீட்டு ஒயரிங் சோதனை: எந்தக் குறையை முதலில் சரிசெய்வது?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டில் மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய ஒயரிங்தான் இன்னும் இருக்கிறது. அண்மையில் சோதித்த மின்பணியாளர் எழுதிக் கொடுத்த குறைகள் இவை: கீசர் ப்ளக்கில் எர்த் ஒயர் இணைக்கப்படவில்லை, குளியலறைக் குழாயில் வைத்தால் டெஸ்டர் எரிகிறது, மெயின் போர்டில் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் ஒயர்) பியூஸ் கட்டை இருக்கிறது, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை; சமையலறை ஒயரிங் மெக்கரில் (ஒயர் உறையின் மின்காப்பை அளக்கும் கருவி) 0.4 மெகாஓம் காட்டுகிறது. எந்த சுவிட்ச் எதற்கு என்று போர்டில் எழுதப்படவில்லை. எல்லாவற்றுக்கும் நேரே ஒரே மாதிரி ‘ஆபத்து’ என்றே எழுதியிருக்கிறார். அங்கே அம்மா தனியாக இருக்கிறார். முழு ஒயரிங்கையும் இந்த ஆண்டே மாற்ற வசதியில்லை. எது காத்திருக்கலாம்?

மறுமொழி (குன்னூர், மின்பணியாளர்)

ஐயா, முதலில் கீசரின் ப்ளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லி அம்மாவுக்கு இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். ஈரக் கையோடு தொடும் குழாயில் டெஸ்டர் எரியும்போது, உயிருக்கு ஆபத்து வர இன்னொரு கோளாறு நேர வேண்டியதில்லை.

பிரிட்டனில் வீட்டு மின்சோதனை அறிக்கையில் இந்த வேறுபாட்டைக் குறியீடாகவே எழுதுகிறார்கள். இப்போதே ஆபத்து என்றால் சி1, இன்னொரு கோளாறு சேர்ந்தால் ஆபத்து என்றால் சி2, மேம்படுத்தினால் நல்லது என்றால் சி3, மேலும் ஆராய வேண்டும் என்றால் எஃப்.ஐ. உங்கள் கீசர் ஐயமின்றி முதல் வகை. நியூட்ரல் பியூஸ் இரண்டாம் வகை: அது மட்டும் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும், ஆனால் ஹோல்டர் வரை ஃபேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) உயிரோடு நிற்கும், கரண்ட் இல்லை என்று நம்பி பல்பைக் கழற்றுபவருக்கு ஷாக் அடிக்கும். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே இதை அனுமதிக்கவில்லை. அந்தக் கட்டையை எடுத்துவிட்டு நேர் இணைப்புக் கொடுப்பது சிறிய வேலைதான். மெயினை அணைத்துவிட்டு மின்பணியாளரே செய்ய வேண்டும். போர்டில் பெயர் எழுதாதது மூன்றாம் வகை. அது நிச்சயம் காத்திருக்கலாம்.

மறுமொழி (கொடைக்கானல்)

வீட்டில் எர்த் குழி இருந்து, கீசருக்கும் எர்த் கொடுத்துவிட்டால், ஆர்.சி.சி.பி.யை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடினால் அணையும் எம்.சி.பி. சுவிட்சே துண்டித்துவிடுமே?

மறுமொழி (குன்னூர், மின்பணியாளர்)

மலையில் அதை நம்ப முடியாது என்பதே என் உறுதியான கருத்து. இங்கே கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுகிற இடங்கள் அதிகம். எர்த் குழியின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், கீசரின் உடலில் 230 வோல்ட் கசியும்போது எர்த் வழியே ஓடுவது 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரணச் சுமையாகவே எடுத்துக்கொண்டு துண்டிக்காமல் இருக்கும், கீசரின் உடலும் ஃபேஸாகவே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்தக் கசிவிலேயே கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஆகவே மற்ற இடங்களில் சி3 என்று விடக்கூடிய குறையை, இங்கே நான் சி2 என்றே எழுதுவேன்.

கேள்வி கேட்டவர்

கீசரைக் கழற்றியாகிவிட்டது, நன்றி ஐயா. 0.4 மெகாஓம் என்பதுதான் எனக்கு மிகவும் அச்சமாக இருக்கிறது. மழை நாளில்தான் சோதித்தார்கள்.

மறுமொழி (குன்னூர், மின்பணியாளர்)

500 வோல்ட் மெக்கரில் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது என்பது உண்மை. ஆனால் 0.4 என்றால் 230 வோல்ட்டில் கசிவது ஒரு மில்லி ஆம்பியரை விடக் குறைவு, ஆர்.சி.சி.பி. கூட அதற்குத் துண்டிக்காது. ஆகவே இது எஃப்.ஐ. எனக் கருதத்தக்கது. மிக்சி, ஃபிரிட்ஜ், பல்பு அனைத்தையும் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு, சமையலறை ஒயரிங்கைப் பகுதி பகுதியாகப் பிரித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். காய்ந்ததும் எண் ஏறினால் சுவர் ஈரமே காரணம். எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடுங்கள். ஏறாவிட்டால் ரப்பர் உறை நொறுங்கியிருக்கும், எந்தப் பகுதியில் எண் குறைகிறதோ அந்த ஒயரை மட்டும் முதலில் மாற்றுங்கள்.