கையைக் கொடுக்கமுன் பிரேக்கைப் பாருங்கோ

கோணேசபுரி கம்பஸிலிருந்து (கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்) தொண்டு வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. வீல்செயாரைக் கண்டவுடன் நாலு பேர் சேர்ந்து தூக்கப் பார்ப்பார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. கை முதலில் போவது கைதாங்கிக்கு. பல கதிரைகளில் அது கழற்றிப் பூட்டுகிற சாமான். தூக்கின கையோடு வந்துவிடும். கால்தட்டும் அப்படித்தான். பிடிக்க வேண்டியது கழராத சட்டத்தை: பின்னால் ஒருவர் தள்ளுகிற கைபிடியில், முன்னால் ஒருவர் சின்னச் சில்லுக்கு மேலே உள்ள இரும்பில். அந்தக் கைபிடியின் ரப்பர் உறையை முதலே முறுக்கிப் பாருங்கோ. வியர்வையில் ஊறினது நடுவழியில் உருவிக்கொண்டு வரும்.

படிக்கு ஒரு விதி, சரிவுக்கு நேர்மாறு. படியில் ஏறினாலும் இறங்கினாலும் கதிரையில் இருப்பவரின் முகம் கீழ்ப்பக்கம் பார்க்கவேணும். பெரிய சில்லுதான் படியில் உருளும். செங்குத்தான சரிவில் முகம் எப்போதும் மேட்டுப் பக்கம். இறங்கும்போது தள்ளுகிறவர் பின்னால் பார்த்துப் பார்த்து முதுகுப்பக்கமாக இறங்குவார். பிரட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில் இது தெரியாமல் போகக்கூடாது. மான் குறுக்கே வந்தால் சடாரென நிற்பீர்கள், முன்னோக்கி இறங்கினால் ஆள் வழுக்கிவிடுவார்.

சாதாரண வீல்செயாரின் பிரேக் டயரை அழுத்தித்தான் நிறுத்துகிறது. காற்றுக் குறைந்தால் அழுத்தம் பிடிக்காது. "பிரேக் பழுது" என்று சொல்லப்படுகிற கதிரைகளில் பலதுக்கு வேண்டியது சைக்கிள் பம்ப் மட்டுந்தான். டயரைப் பெருவிரலால் அழுத்தினால் கிட்டத்தட்ட அமுங்கவே கூடாது. முன் சில்லு இழுபட்டால் அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும். பிளேட்டால் வெட்டி எடுங்கோ.

பலகை போடுவதென்றால் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. நாலடிப் பலகையைப் போட்டுவிட்டு "தம் பிடிச்சுத் தள்ளுங்கோ" என்றால் கதிரை பின்பக்கமாகக் கவிழக்கூடும்.

* * *

மேலே சொன்னது கல்லுத் தரைக்கு. நிலாவெளிக் கடற்கரை மணல் வேறு கதை. முன் சில்லு சின்னது, ஒல்லியானது. மணலில் புதைந்தால் பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் புதையும், ஆள் முன்னுக்குக் கவிழ்வார். அவரிடம் சொல்லிவிட்டு கதிரையைப் பின்னால் சாய்த்து, பெரிய சில்லு இரண்டிலும் பாரத்தை விட்டு, பின்பக்கமாக இழுங்கோ. அலை நனைத்து இறுகின மணல் சுலபம். கஷ்டமெல்லாம் ரோட்டுக்கும் ஈரமணலுக்கும் இடையில்தான்.

அந்த இடைத்தூரத்துக்கு பிளைவூட். எட்டடிக்கு நாலடித் தாளை நீளவாட்டில் பிளக்கிறவர்கள் உண்டு. இரண்டடி அகலம் போதும் என்ற நினைப்பு. பெரியவர்களின் கதிரை வெளிச் சில்லோடு 25 அங்குலம் வரும், ஒரு சில்லு வெளியே தொங்கும். குறுக்கே வெட்டி நாலுக்கு நாலாக எடுங்கோ. மூன்று துண்டு இருந்தால் பின்னதைத் தூக்கி முன்னுக்குப் போட்டுப் போட்டுப் போகலாம். கதிரை துண்டை விட்டு முழுதாக இறங்கினபிறகுதான் தூக்கவேணும். அவசரப்பட்டு இழுக்கிறதுதான் வழமை.

திரும்பி வந்து நல்ல தண்ணீரால் வாளியில் ஊற்றிக் கழுவித் துடையுங்கோ. பம்ப் வைத்துப் பீய்ச்சினால் பெயாரிங் கிறீஸ் கழுவுப்பட்டு உப்பு உள்ளே போய்விடும்.

கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலம் கடல் அமைதிதான், வெயில் அமைதியில்லை. முள்ளந்தண்டு காயப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது. காயம் எவ்வளவு மேலேயோ அவ்வளவுக்கு உடம்பு சூட்டை வெளியே தள்ளத் தெரியாமல் நிற்கும். குடிக்கத் தண்ணி கொடுப்பது மட்டும் காணாது. தெளிக்கிற போத்தலும் ஈரத்துவாயும் கொண்டுபோங்கோ. வெயிலில் விட்ட கதிரையின் சட்டத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் ஆளை இருத்தவேண்டாம். காலில் உணர்ச்சி இல்லாதவருக்குத் தோல் பொசுங்குவது தெரியாது. மடியில் சுடச்சுட பிளேன்ரீ வைப்பதும் அதேதான்.

கதிரையின் மெத்தை. ஓட்டோவுக்கு மாற்றும்போது கீழே விழுந்து, திரும்ப வைக்கும்போது முன்பின் மாறிப்போகிற சாமான் அது. ஏற்றமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கோ. அரை மணிக்கு ஒருமுறை அவர் முன்னுக்குச் சாய்ந்து இரண்டு நிமிடம் இருக்கட்டும். எலும்பு முட்டுகிற இடம் சிவந்திருந்தால், எண்ணெய் தேய்த்து உருவக் கை வரும். சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் கூட்டத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். உருவக்கூடாது; பாரத்தை எடுத்துவிட்டால் போதும்.

குழாய் போட்டவர்களின் சிறுநீர் சேருகிற பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. தூக்கும்போது இழுபடும் என்று மடியில் வைப்பார்கள், திரும்பி உள்ளே ஓடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தால் வெறுமையாக்குங்கோ. நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயப்பட்டவர் திடீரென்று தலை பிளக்கிற வலி என்றால், முகம் சிவந்து நெற்றி வியர்த்தால், படுக்க வைக்கவேண்டாம். நிமிர்த்தி இருத்தி, குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கோ. மடிந்த குழாயை நிமிர்த்தினதும் பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. இதுக்கு யோசித்து நிற்க நேரமில்லை.

* * *

பார்வையில்லாதவர்களோடு போவது பற்றியும் இரண்டு வார்த்தை. அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடிக்கட்டும், நீங்கள் அரை எட்டு முன்னால். "பார்த்து" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. "ஏறுபடி, மூன்று" என்று சொல்லுங்கள். சோற்றுக் கோப்பையை மணிக்கூடாகச் சொல்லலாம்: மூன்றில் பருப்பு, ஒன்பதில் மீன், முள் இருக்கு.

அதைவிடப் பெரிய உதவி கம்பஸுக்குள்ளேயே இருக்கிறது: நோட்ஸ். இங்கே தமிழில் ரைப் பண்ணினது நிறைய பாமினி என்ற பழைய எழுத்துருவில். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது ஆங்கில எழுத்து. திரையில் உள்ளதைக் குரலில் படிக்கிற மென்பொருளான திரைவாசிப்பான் "தமிழ்" என்ற சொல்லுக்கு "ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்" என்று வாசிக்கும். ஒரு வரியை வெட்டி வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கிலமாக வந்தால் பாமினிதான். எழுத்துரு மாற்றி மூலம் யூனிகோடாக்கலாம், ஆனால் முழுப் பக்கத்தையும் ஒன்றாகப் போட்டால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். பந்தி பந்தியாக, தமிழ்ப் பகுதியை மட்டும் போடுங்கள்.

நோட்ஸைப் படமெடுத்து அனுப்புவது பார்வையில்லாதவருக்கு வெறும் தாள் அனுப்புவதுதான். வேர்ட் கோப்பில் தலைப்புகளைத் தடித்த எழுத்தாக விடாமல் தலைப்புப் பாணியில் போட்டால், என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை உலாவல் நிலையில் (browse mode) வைத்து எச் விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். 40 பக்கக் கோப்பில் அதில்லாவிட்டால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வரவேண்டும்.