பச்மரி மொழிப் பயிற்சியும் சௌராகட் படிகளும்

மொழிப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கியே கழித்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். நான் சீன மொழி படிக்க அனுப்பப்பட்டது மத்தியப் பிரதேசத்தின் பச்மரிக்கு. இராணுவக் கல்விப் படையின் பயிற்சிக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. பிபரியா ரயில் நிலையத்தில் இறங்கி, சாத்பூரா மலைப்பாதையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே, சுற்றிலும் காடு.

வார நாட்களில் மூச்சு விட நேரம் இருக்காது. ஒரே அசையை நான்கு தொனிகளில் சொல்ல வேண்டும். தொனி பிசகினால் பொருளே மாறிவிடும். ஆசிரியர் நல்லவர், ஆனால் வாய் திறந்தவுடன் திருத்திவிடுவார். அதனாலேயே எங்களில் பலர் எழுதுவதில் தேறினார்கள், பேசச் சொன்னால் ஒடுங்கிப் போனார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். இதே கல்லூரியில்தான் இராணுவ இசைப் பிரிவும் இருக்கிறது. மாலையில் அவர்களுடைய வாத்திய ஒலி காற்றில் வரும்போது, இன்னும் எத்தனை நாளில் அவுட் பாஸ், அதாவது வெளியே போக அனுமதி, கிடைக்கும் என்றுதான் மனம் கணக்குப் போடும்.

பாண்டவர் குகைகளையும் ஜடாசங்கர் குகைக் கோயிலையும் எல்லோரும் பார்ப்பார்கள். அவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. சௌராகட் மலையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

மகாதேவ் கோயில் பக்கத்திலிருந்து அந்த மலை உச்சிக்கு நடைபாதை போகிறது. 1,300-க்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் சிவன் கோயில். வேண்டுதல் நிறைவேறியவர்கள் திரிசூலம் சுமந்து வந்து அங்கே நட்டுவிட்டுப் போவார்கள். மகாசிவராத்திரி நெருங்கும்போது மகாராஷ்டிரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உடன் படித்த கட்வாலி வீரர் ஒருவரும் ஏறினோம். மூச்சு வாங்கும்போதெல்லாம் நான் சீனத் தொனிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்டுத் திருத்த யாரும் இல்லாத இடம் என்ற நிம்மதி.

ஒரு திருப்பத்தில், ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புத் திரிசூலத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். மகாராஷ்டிரத்தின் விதர்ப்பா பகுதியைச் சேர்ந்த விவசாயி. பக்கத்தில் அவர் மனைவி. "என்ன மந்திரம் சொல்கிறாய், ஃபௌஜி (பட்டாளத்துக்காரரே)?" என்று கேட்டார். மந்திரம் இல்லை காகா, பாடம் என்றேன். சொல்லிக் காட்டு என்றார். நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல முயன்றார், அந்த அம்மா சிரித்தார், மறுபடியும் சொல்லச் சொன்னார். எத்தனை படிகளுக்கு இந்த விளையாட்டு நீண்டது என்று தெரியாது. அவருடைய மராட்டி எனக்குப் பாதிதான் புரிந்தது. என் பட்டாளத்து இந்தி அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. ஆனாலும் பருத்தி விளைச்சல், மகளின் பிரசவம், அதற்காக வேண்டிக்கொண்ட சூலம், என் ஊர், என் அம்மா என்று பேச்சு நிற்கவே இல்லை.

சூலத்தை நான் சுமக்கிறேன் என்று கேட்டபோது அவர் யோசித்தார். கீழ்ப் பகுதியை மட்டும் என் தோளில் ஏற்றினார். முன்பகுதியைக் கடைசிவரை விடவில்லை. வேண்டுதல் அவருடையது அல்லவா. உச்சியில் ஆயிரக்கணக்கான சூலங்களுக்கு நடுவே அதைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் அழுதார். பிறகு அந்த அம்மா துணி மூட்டையை அவிழ்த்து, சோள ரொட்டியான பாக்ரியும் பச்சை மிளகாய்த் துவையலான தேச்சாவும் எங்கள் கையில் வைத்தார். அந்தக் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியர் கேட்டதற்கு எழுந்து நின்று பேசினேன். அவர் திருத்தினார், நான் தொடர்ந்து பேசினேன். அதன் பிறகு அந்த அச்சம் எனக்கு வரவில்லை. பாடப்புத்தகமும் ஒலிநாடாவும் செய்யாததை அந்த இருவரும் செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

காட்டுக்குள் போக விரும்புபவர்களுக்கு ஒரு தகவல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மேட்டுநிலத்துக்கு வந்த கேப்டன் ஜேம்ஸ் ஃபோர்சைத் கட்டிய பைசன் லாட்ஜ் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. வனத்துறை அனுமதிச் சீட்டை நான் அங்கேதான் வாங்கினேன். காலையிலேயே போய்விடுங்கள், விடுமுறை நாளில் ஜீப் கிடைப்பது கடினம். சாத்பூராவின் உயர்ந்த சிகரமான தூப்கட்டில், 1,350 மீட்டர் உயரத்தில், சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது சாலை நடுவே ஒரு காட்டுமாடு நின்றது. முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களும் வெண்மை. ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டார். அது தானாக விலகும்வரை யாரும் பேசவில்லை. அந்தக் காட்டுக்கு உரியவர் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

நாகபஞ்சமியையொட்டி நடக்கும் நாகத்வாரி யாத்திரைக்குப் போக மட்டும் எனக்கு வாய்க்கவில்லை. அந்த வாரம் தேர்வு. மழையில் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்கி நடந்தவர்கள் யாராவது இருந்தால் விரிவாக எழுதுங்கள்.