புதுப்பிப்பு: மலைப்பாதையில் இரட்டை கிளட்ச்

ஹூண்டாய் ஐ20 என் லைன் காரின் 7 வேக இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், மலையேற்றத்தில் ஓட்டும் இன்பத்தைக் குறைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பார்த்தபின் எழுதுகிறேன். குறைக்கவில்லை. ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களை மற்றொன்றும் இயக்குவதால், அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நின்று, இரண்டிலிருந்து மூன்றுக்கு இழுவை அறுபடாமல் மாறுகிறது. மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது மட்டும், இரண்டுமே ஒரே கிளட்சைச் சேர்ந்தவை என்பதால், இவ்வகை கியர் பெட்டிகளுக்கே உரிய சிறு தாமதம் தெரிகிறது. அதனால் வளைவுக்குள் நுழையுமுன், பிரேக்கில் கால் இருக்கும்போதே, ஸ்டீயரிங்கின் பின்னுள்ள இடப்பக்க பேடில் ஷிஃப்டரை (கையால் கியர் மாற்றும் நெம்பை) இழுத்து இரண்டாம் கியருக்கு வந்துவிடுவதே நல்லது. 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை எஞ்சின் மெதுவாகச் சுழலும் 1,500 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள்) கிடைப்பதால், வளைவைவிட்டு வெளியேறும்போது முதல் கியர் தேவைப்படுவதேயில்லை.