வாரம் ஒரு மாத்திரை, கவரில் ‘தினம் காலை 1’: கேஸ் போடலாமா?

கோத்தகிரி_மகன்:
அம்மாவுக்கு 62 வயது. மூட்டு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5 மி.கி. எழுதிக் கொடுத்தார் டாக்டர். வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரை. எங்கள் ஊர் மருந்துக்கடையில் கொடுத்த காகிதக் கவரில் நீலப் பேனாவால் ‘தினம் காலை 1’ என்று எழுதியிருந்தது. அம்மாவும் அப்படியே போட்டார். பத்தாம் நாள் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்துவிட்டன. ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் எட்டு நாள் படுக்கை. இப்போது தேறிவிட்டார். கவர், டாக்டர் சீட்டு, மிச்ச மாத்திரை அட்டை எல்லாம் கையில் இருக்கிறது. கேஸ் போட வேண்டாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உங்கள் கருத்து?

குன்னூர்_பார்மசிஸ்ட்:
அம்மா பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லையே. எல்லாப் பழியையும் கடைக்காரன் தலையில் கட்டாதீர்கள்.

கோத்தகிரி_மகன்:
‘ஓ.டபிள்யூ.’ என்று இருக்கிறது. கோவை டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்கே தெரியும்.

குன்னூர்_பார்மசிஸ்ட்:
அதானே பார்த்தேன். ‘ஓ.டபிள்யூ.’ என்றால் வாரம் ஒன்று, ‘ஓ.டி.’ என்றால் தினம் ஒன்று. கிறுக்கினால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மருந்துப் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016லேயே டாக்டர்களுக்கு விதி வந்துவிட்டது. மீறியது யார்?

கூடலூர்_நர்ஸ்:
சார், மன்னிக்கணும். இந்த மருந்தை முடக்குவாதத்துக்கு யாரும் தினமும் போடுவதில்லை. செல் பெருகுவதைத் தடுக்கிற மருந்து. அதனால்தான் வேகமாகப் பெருகுகிற இடங்கள் முதலில் அடி வாங்கும்: வாய்த் தோல், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை. பேரைப் பார்த்ததும் ‘தினமுமா?’ என்று நிறுத்தி, டாக்டருக்கு ஒரு போன் போட வேண்டியது கடைக்காரர்தான். எங்கள் வார்டில் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையையே தமிழில் எழுதிவிடுவோம்.

தேயிலைத்_தோட்டம்:
கேஸ் போட்டு என்ன ஆகப்போகிறது தம்பி? வருஷக்கணக்கில் ஊட்டிக்கு பஸ் ஏற வேண்டும். பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது எங்களுக்கு மாத்திரை கடன் கொடுத்தது அந்த மாதிரிக் கடைகள்தான். மழையில் பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறப்பார்கள். இந்த மலைக்கு ஒரு டாக்டர் வருவதே பெரிசு. கூப்பிட்டுப் பேசி, ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக்கொள்.

ஊட்டி_வக்கீல்:
பேசித் தீர்ப்பதில் தப்பில்லை. ஆனால் பேசிக்கொண்டே காலம் ஓடிவிடக் கூடாது. 2019 நுகர்வோர் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். (தொழிலுக்கு எதிராகப் பேசுகிறேன், பரவாயில்லை.) டாக்டர் சேவையும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி வராது. சீட்டு எங்கே எழுதியது?

கோத்தகிரி_மகன்:
தனியார் கிளினிக், ஃபீஸ் கொடுத்தோம். போலீஸில் கொடுக்கலாமா?

ஊட்டி_வக்கீல்:
டாக்டர் மேல் அவசரப்படாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி, கிரிமினல் வழக்குக்கு மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தும் வாங்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் அவ்வளவு கெடுபிடி இல்லை. தவறு கண்ணுக்கே தெரிந்தால் எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி தேவையில்லை என்று 2010ல் கிஷன் ராவ் வழக்கில் வந்திருக்கிறது. கோவை ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை (சிகிச்சைப் பதிவை) எழுத்தில் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும். மருந்துக்கடை பில் இருக்கிறதா?

கோத்தகிரி_மகன்:
இல்லை சார். அவர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனில் காசு அனுப்பிய பதிவு இருக்கிறது, கவரில் கடை முத்திரையும் இருக்கிறது.

குன்னூர்_பார்மசிஸ்ட்:
பில் இல்லாமல் அட்டை எந்தக் கடையுடையது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? நாளைக்கு யார் வேண்டுமானாலும் ஒரு கவரை எடுத்துக்கொண்டு வரலாம்.

கூடலூர்_நர்ஸ்:
டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய ஷெட்யூல் எச் மருந்தை பில் போடாமல் விற்றதை வாடிக்கையாளர் குற்றமாக்குகிறீர்களா சார்?

கோத்தகிரி_மகன்:
இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுவரில் பார்மசிஸ்ட் சான்றிதழ் மாட்டியிருக்கிறது. அந்த ஆளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கவரில் எழுதியது பிளஸ் டூ முடித்த பையன்.

குன்னூர்_பார்மசிஸ்ட்:
அப்படியென்றால் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். சான்றிதழை வாடகைக்கு விடுகிறவர்களால்தான் எங்களுக்குச் சம்பளம் ஏறுவதில்லை. பதிவுபெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுப்பது 1948 பார்மசி சட்டத்தில் குற்றம். மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். டாக்டர் எழுத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது, அதற்கு மருத்துவக் கவுன்சில்.

தேயிலைத்_தோட்டம்:
பையன் பாவம், வயிற்றுப்பிழைப்பு. சிக்கப்போவது அவன்தான், பாருங்கள்.

கோத்தகிரி_மகன்:
அண்ணே, எனக்கும் அதுதான் உறுத்துகிறது. நேற்று முதலாளி பழப்பையோடு வந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தார். கவரை எடுத்துக் காட்டினேன். “எங்க கடைப் பையன் எழுத்துதான்” என்று அவரே ஒப்புக்கொண்டார். அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். “நாளைக்குத் தரேன் தம்பி” என்று கிளம்பிவிட்டார்.

ஊட்டி_வக்கீல்:
அந்த நாளை இன்றைக்குத்தானே? இன்று சாயந்தரம் வரை பாருங்கள். வரவில்லை என்றால் பதிவுத் தபாலில் நோட்டீஸ், கடைக்கும் டாக்டருக்கும் சேர்த்து. கவரின் அசலை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.