புதுப்பிப்பு: மாமல்லபுரம் ஒருநாள் பயணம், 500 ரூபாய்க்குள் கட்டுச்சாதமும் தின்பண்டமும்

வெயிலில் கெடாமல், பிள்ளைகளுக்கு விசேஷமாகவும் இருக்க என்ன கட்டலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. சென்னையிலிருந்து போய்வந்துவிட்டோம், செலவும் 500 ரூபாயைத் தாண்டவில்லை.

முதல் மதிப்பெண் ‘பால் ஊற்றிய தயிர்சாதம்’ சொன்னவருக்கு. குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, வெதுவெதுப்பாக ஆறியபின் ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தேன். காலையில் பாலாக இருந்தது, மதியம் புளிப்பே இல்லாத தயிர்சாதமாகிவிட்டது. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரையும் அப்படியே இருந்தது. இலையைத் தணலில் வாட்டிக் கட்டியதால் கிழியவில்லை, தட்டும் தேவைப்படவில்லை.

ரவா லட்டு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பிள்ளைகள் பறந்தது இன்னொருவர் சொன்ன உறைய வைத்த திராட்சைக்கு! விதையில்லாத திராட்சையை இரவே ஃப்ரீசரில் வைத்து, எவர்சில்வர் டப்பாவில் துணி சுற்றி எடுத்துப் போனோம். சின்னவனுக்கு மட்டும் நீளவாக்கில் நறுக்கிக் கொடுத்தோம். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும்.

எதிர்பாராதது தட்டைதான். கடற்கரைக் கோயில் பக்கம் டப்பாவைத் திறந்து வைத்திருந்தோம், உப்புக்காற்றில் நமத்துப்போனது. கடலோரம் போகிறவர்கள் மொறுமொறுப்பானவற்றைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டுங்கள். அல்லது கடலை மிட்டாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.